மணிக்கூட்டின் முகம்

கண்டிப் பஸ் நிலையத்தருகே நிமிர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை அறியாத பழைய மாணவர் எவரும் இரார். கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் வந்த மாணவர் தலைமுறைகள் பல, பஸ்ஸை விட்டிறங்கியதும் முதலில் அண்ணாந்து நோக்கியது அதன் முகத்தையே. காலைப் பிரார்த்தனைக்கு முன் ஓடிச் சேர்ந்துவிடலாமா, அன்றி வாயிலில் நின்று காரணம் கூற நேருமா என்பதை அதுவே நமக்கு அறிவித்தது. விபத்தொன்றிலே மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர், அம்மகனின் நினைவாக எழுப்பிய கோபுரம் அது. 1950ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள் அன்றைய பிரதமர் டி. எஸ். சேனநாயக்க அதனைத் திறந்துவைத்தார். கீழே விரைந்தோடும் நமக்கு அது நேரம் காட்டும் கருவி. எழுப்பியவருக்கோ அது மகனின் நினைவு.

கையிற் கட்டும் சிறு மணிக்கூட்டுக்கும் இவ்விரு பணிகளும் உண்டு. இதனை நான் உணர்ந்தது மிகவும் பிந்தி. அதுவும் திருத்த முடியாத பிழையொன்றைச் செய்த பின்னரே. ஜூபிலி மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றை எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியன் மணிக்கூட்டைப் பற்றி எழுதுவதோ என வியக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருளுக.

என் தந்தையார் கலஹாவுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே கிளாக்கராகப் பணியாற்றியவர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர தோட்டம் அப்பகுதி மலைகளிலேதான் உள்ளது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது, தாய்நாடு திரும்பப் புறப்பட்ட பெரிய துரை, தம் கணக்குகளை ஒழுங்காக எழுதி வந்த இளங் கிளாக்கருக்குத் தம் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தாராம். அது சுவிற்சர்லாந்திலே 1950களில் செய்யப்பட்ட ஒமேகா. துரை அதனை வாங்கிய நாளில் முகப்பு, அதாவது நாம் டயல் என வழங்கும் தட்டு, மை போன்ற கறுப்பு. இருபது ஆண்டுகள் மலைச்சரிவின் வெயிலிலும் மழையிலும் ஆலையின் வெப்பத்திலும் கிடந்த பின், தந்தையார் கைக்கு வந்தபோது அதன் நிறம் கித்துள் கருப்பட்டியின் நிறமாகியிருந்தது.

அம்முகப்பிலே வேறொரு குறையும் இருந்தது. மூன்றாம் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் இடையே, சாவி கொடுக்கும் குமிழின் அருகே, சிறுவிரல் நகத்தளவான சாம்பல் நிறக் கறை. சிறுவனாயிருந்தபோது அக்கறையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது எவ்வாறு வந்தது என்று கேட்டதில்லை. தந்தையார் சொன்னதுமில்லை.

2003ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பயிற்சிக்காகக் கொட்டகலைக்குப் புறப்பட்ட காலையில், தந்தையார் அம்மணிக்கூட்டை என் கையிற் கட்டிவிட்டார். "நேரத்துக்குப் போகணும், தம்பி. வாத்தியாரு பிந்தினா பிள்ளைங்களும் பிந்தும்" என்றார். உடன் பயின்றோரின் கைகளிலே பளபளக்கும் புது மணிக்கூடுகளைக் கண்ட எனக்கு, என் கையிலிருந்த பழுப்பு முகம் வெட்கத்தையே தந்தது. சட்டைக் கையை இழுத்து அதனை மறைத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

2007இல் எனக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணநாளில் அழுக்கடைந்த முகத்தோடு மணிக்கூட்டைக் கட்டுவதோ என எண்ணி, நகரிலுள்ள கடையொன்றிலே அதனைக் கொடுத்தேன். "டயலைப் புதுசாக்கித் தாருங்கள்" என்று நானே கேட்டேன். கடைக்காரரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. கேட்டதைச் செய்து தந்தார். பழைய பூச்சு முழுவதையும் கரைத்து நீக்கி, தகட்டை மெருகிட்டு, புதிதாகக் கறுப்புப் பூசி, பெயரையும் எண்களையும் அச்சிட்டுப் பத்தே நாளில் திருப்பித் தந்தார். வாங்கிய அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தால் நாணமாயிருக்கிறது.

மணப்பந்தலிலே ஆசி கூற வந்த தந்தையார் என் கையைப் பற்றினார். பார்வை மணிக்கூட்டில் விழுந்தது. சற்றுநேரம் நோக்கினார். "இது நம்ம கடியாரமா, தம்பி?" என்றார். "ஆமாம்ப்பா, புதுசாக்கிட்டேன்" என்றேன். "நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கையை விட்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கூறவில்லை. கூறாதது எதுவென்று அறிய எனக்கு நான்கு ஆண்டுகள் சென்றன.

2011இல் அவர் நோய்வாய்ப்பட்டுக் கண்டிப் பெரியாஸ்பத்திரியிலே படுத்திருந்தார். ஒருநாள் மாலை, அருகிலிருந்த என் கையை இழுத்து, மணிக்கூட்டுக் கண்ணாடியின் மேல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே தம் விரல் நகத்தை வைத்தார். "இந்த எடத்துலதான் இருந்திச்சு" என்றார். பின்னர், அதுவரை நான் கேளாத கதையைச் சொன்னார்.

1983 யூலைக் கலவரத்தின்போது எனக்கு வயது நான்கு. ஓர் இரவு, தோட்டத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி பரவிற்று. தாயார் என்னையும் தங்கையையும் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் ஒளிந்தார். எனக்கு நினைவிருப்பது ஈரத் தேயிலைச் செடிகளின் வாசமும், பேசாதே எனத் தாயார் என் வாயைப் பொத்திய கையும் மாத்திரமே. தந்தையார் புறப்படுமுன், வீட்டிலிருந்த பெறுமதியான பொருள்கள் இரண்டை, தாயாரின் தாலிக்கொடியையும் இம்மணிக்கூட்டையும், மாப்பால் தகரமொன்றிலிட்டு, முள்முருங்கை மரமொன்றின் அடியிலே புதைத்தார். எங்கள் உயிருக்குத் தீங்கு நேரவில்லை. முகாமிலிருந்து திரும்பிவந்து அவர் மண்ணைத் தோண்டியபோது வாரங்கள் பல கழிந்திருந்தன. தென்மேல் பருவமழை மண்ணை ஊறவைத்திருந்தது. தாலிக்கொடிக்குப் பழுதில்லை. மணிக்கூட்டிலோ குமிழின் வழியே நீர் புகுந்திருந்தது.

அதனை எடுத்துக்கொண்டு கண்டிக்கு வந்து, தலதா வீதியை அடுத்த சந்தொன்றில் சிறு மேசையிட்டு மணிக்கூடு திருத்திய சிங்களப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தாராம். தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று அவர் கேட்டார். "மழை" என்றார் தந்தையார். பெரியவர் தந்தையாரின் முகத்தைப் பார்த்தார். பின் ஒன்றும் கேட்கவில்லை. உட்பொறி முழுவதையும் பிரித்துத் துருவை அகற்றி எண்ணெயிட்டு ஓடச் செய்தார். முகப்பிலிருந்த கறையைக் காட்டி, "இதை நான் தொடவில்லை, தொட்டால் எல்லாம் போய்விடும்" என்றாராம்.

அந்தப் பெரியவர் தொடாது விட்டதை நான் காசு கொடுத்து அழித்துவிட்டேன். தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. 2012இல் அவர் மறைந்தார். எங்கள் குடும்பத்திலே அவ்விரவைப் பற்றி எழுதிவைக்கப்பட்ட கடிதமோ நாட்குறிப்போ புகைப்படமோ கிடையாது. இருந்த ஒரே சான்று நகத்தளவான அக்கறை.

இதன் பின்னரே, பழைய மணிக்கூடுகளின் முகங்களை உற்றுநோக்கும் பழக்கம் என்னைப் பற்றிற்று. 2016இல், என்னிடம் தமிழ் கற்றுப் பின் வெளிநாடு சென்று நல்ல நிலையிலுள்ள மாணவர் ஒருவர் கல்லூரி விழாவுக்கு வந்திருந்தார். அவர் பழைய உயர்ரக மணிக்கூடுகளைச் சேகரிப்பவர். அவர் கையில் அன்று கட்டியிருந்த றோலெக்ஸின் முகப்பும் பழுப்பு நிறமாகவே இருந்தது. "ஏன் இதனைப் புதுப்பிக்கவில்லை?" என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டு, "சேர், இந்த நிறத்துக்காகத்தானே இதை வாங்கினேன்!" என்றார். பின் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து என் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பித் தந்தார். அவருடைய மௌனமும் என் தந்தையாரின் மௌனமும் ஒரே வகையினவாக எனக்குத் தோன்றின.

அவரிடமிருந்தும் நூல்களிலிருந்தும் நான் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பழைய முகப்புகளின் கறுப்புப் பூச்சுகள் சில, வெயிலின் ஊதாகடந்த கதிர்களைத் தாங்கும் வலிமை குறைந்தவை. வெயிலும் வெப்பமும் ஈரமும் சேர்ந்து தாக்கும்போது கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகும். வெப்ப நாடுகளில் பயன்பட்டவற்றில் இது மிகுதியாகக் காணப்பட்டமையால், சேகரிப்போர் இதனை 'ட்ரொப்பிக்கல்' முகப்பு, அதாவது வெப்பமண்டல முகப்பு என்பர். வெண்முகப்புகளின் மேற்பூச்சு மஞ்சளித்துப் பாலாடை நிறமும் தந்த நிறமும் பெறும். சிலவற்றில் மெருகு வெடித்துச் சிலந்தி வலை போன்ற கோடுகள் தோன்றும். ஒரே சாலையில் ஒரே நாளில் செய்யப்பட்ட இரு மணிக்கூடுகள், ஐம்பது ஆண்டுகளின் பின் ஒன்றையொன்று ஒத்திரா. ஒவ்வொன்றும் தான் வாழ்ந்த கையையும் ஊரையும் ஒத்திருக்கும்.

முன்னாளில் இதனை எல்லாரும் குறையென்றே கருதினர். திருத்தத்துக்கு வந்தவற்றின் பழைய முகப்பைக் கழற்றிப் புதியதை இடுவது உற்பத்தியாளரிடையேயும் வழக்கமாயிருந்தது. இன்றோ நிலை தலைகீழாயிற்று. நடிகர் போல் நியூமன் அணிந்த றோலெக்ஸ் டேட்டோனா ஒன்று, 2017 ஒக்டோபரில் நியூயோர்க் ஏலத்திலே ஒரு கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அவ்வகை முகப்பு புதிதாயிருந்தபோது கடைகளில் விரும்புவாரின்றிக் கிடந்ததாம். அவருடைய மனைவி அதனை அவருக்குப் பரிசளித்தபோது, கவனமாக வாகனம் ஓட்டுக என்னும் பொருள்படும் சொற்களைப் பின்புறத்திலே பொறித்திருந்தார். ஏலத்திலே விலைபெற்றது உலோகமன்று. ஒரு மனிதர் அதனோடு வாழ்ந்த வாழ்வேயாம்.

விலை ஏறும் இடத்தில் பொய்யும் ஏறும் என்பது உலக வழக்கு. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலமொன்றிலே, பழுப்பு முகங்கொண்ட ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபெற்றது. வாங்கியது ஒமேகா நிறுவனமே. தன் நூதனசாலைக்கு வைக்கவே வாங்கியது. 1957இல் அறிமுகமான முதல் வரிசையைச் சேர்ந்ததென நம்பப்பட்ட அம்மணிக்கூடு, வெவ்வேறு மணிக்கூடுகளின் உறுப்புகளை ஒன்றுகூட்டிச் செய்யப்பட்டதென்பது 2023இல் வெளியாயிற்று. செய்தவர்களே ஏமாறும் அளவுக்குப் பொய்ம்முதுமை வளர்ந்துவிட்டது. முகப்பைச் சூட்டடுப்பில் வாட்டுவோர் உளர். எண்களின் மேல் தேயிலைச் சாயம் பூசிப் பழமை காட்டுவோரும் உளர். நம் மலைநாட்டுத் தேயிலைக்கு இப்படியும் ஒரு பயன் நேர்ந்தது குறித்து வருந்துவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மெய்யான முதுமையை அறிவது எவ்வாறு? உருப்பெருக்கியின் கீழே எழுத்துகளின் ஓரம் கூர்மையாயிருத்தல் வேண்டும். நிமிடக் கோடுகள் எண்குறிகளோடு நேர்நிற்றல் வேண்டும். முட்களிலுள்ள ஒளிப்பூச்சும் எண்களிலுள்ள ஒளிப்பூச்சும் பெரும்பாலும் ஒத்த நிறத்தில் முதிர்ந்திருத்தல் வேண்டும். ஆறாம் எண்ணின் கீழே, கண்ணாடி விளிம்பை ஒட்டி, சுவிற்சர்லாந்தில் செய்யப்பட்டது என்னும் பொருள்படும் நுண்ணெழுத்து இருக்கும். மறுபூச்சுப் பூசுவோர் பலமுறை அதனை மறந்துவிடுவர், அன்றி இடந்தவறி எழுதுவர். இந்தியாவிலே இவ்வாறு மறுபூச்சுப் பெற்றுப் பகட்டான நிறங்களோடு விற்பனைக்கு வருவனவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே உலகச் சேகரிப்போர் பெயரிட்டுள்ளனர். என் ஒமேகாவை இவ்விதிகளைக் கொண்டு நானே சோதித்தேன். கோடுகள் நேர்நிற்கவில்லை. ஆறின் கீழே எழுத்து இல்லை. மாணவரின் தேர்வுத்தாளைத் திருத்தும் கையால் என் பிழைக்கு நானே சிவப்பு மையிட்டேன்.

தமிழ் கற்ற எவர்க்கும் இவ்விடத்திலே ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வரும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஒடிந்தும் செல்லரித்தும் கிடந்த ஏடுகளோடு அப்பெரியோர் பட்ட பாடு நாமறிந்தது. புறநானூற்றிலே 267ஆம் 268ஆம் பாடல்கள் இன்றும் இல்லை. வேறு பாடல்கள் பலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. ஐயர் அவர்களின் புலமைக்கு அவ்விடங்களை நிரப்ப நான்கு வரி எழுதுவது அரிதா? எழுதியிருந்தால் நூல் முழுமையாகத் தோன்றியிருக்கும், படிப்போரும் மகிழ்ந்திருப்பர். ஆயினும் அன்றோடு புறநானூறு என்னும் சான்று அழிந்திருக்கும். இல்லாததை இல்லையென்றே விட்ட நேர்மையினாலேதான் இருப்பதை நாம் நம்புகிறோம். வகுப்பறையில் இதனைப் பல ஆண்டுகளாக மாணவர்க்கு எடுத்துரைத்தவன் நான். என் கையிலேயே இருந்த ஏடொன்றின் சிதைந்த எழுத்தை அழித்து, அதன் மேல் அழகான பொய்யை எழுதுவித்தவனும் நானே.

இங்கே சைவ மாணவர் ஒருவர் எழுந்து வினவக்கூடும்: "ஐயா, செம்பிலேறிய களிம்பை ஆணவ மலத்துக்கு உவமை கூறுவது நம் சித்தாந்தம். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கியன்றோ திருநாளில் ஏற்றுகிறோம்? கறையைப் போற்றுதல் எங்ஙனம் தகும்?" நல்ல வினா. இவ்வினாவை நானும் எனக்குள் நெடுநாள் கேட்டதுண்டு. விடையைத் தந்தவர் தலதா வீதிச் சந்தின் அப்பெரியவரே. உட்பொறியின் துருவை அவர் ஒரு துளியும் விட்டுவைக்கவில்லை. விட்டிருந்தால் மணிக்கூடு நின்றிருக்கும். ஓட்டத்தைத் தடுக்கும் அழுக்கே களிம்பு, அது அகற்றத்தக்கது. முகத்தில் விழுந்த வடு ஓட்டத்தைத் தடுப்பதன்று, நடந்ததைச் சொல்வது. தாயின் முகச் சுருக்கத்தை யாரேனும் களிம்பென்று துலக்குவரோ?

எனினும், மாற்றம் யாவும் குற்றமென்று கூறவும் நான் துணியேன். இருளில் ஒளிரவேண்டி முன்னாளில் முகப்புகளுக்கு றேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. கியூரி தம்பதியர் 1898இல் கண்டறிந்த அப்பொருளின் கொடுமையை, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே முகப்புத் தீட்டிய இளம் பெண்கள் தம் உயிரால் உலகுக்கு அறிவித்தனர். தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்குமாறு பழக்கப்பட்ட அவர்களின் தாடையெலும்புகள் அழுகின. அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கத்தில் முடிந்தது. பிரித்தானியப் படைக்கென 12 உற்பத்தியாளர் 1945இல் வழங்கிய கறுப்பு முக மணிக்கூடுகள் பலவற்றுக்குப் பிற்காலத்திலே படைத்துறையினரே முகப்பை மாற்றினர். றேடியத்தை நீக்கித் திரித்தியம் இட்டனர். அது உயிர் காக்கும் மாற்றம். றேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஒளி மங்கிவிட்டது என்பதால் நஞ்சும் மங்கிவிட்டதென எண்ணலாகாது. மங்கியது உடன்கலந்த ஒளிரும் பொருளே. ஆதலின் இத்தகைய மணிக்கூடு வீட்டிலிருப்போர் அதனைத் தாமே திறத்தல், பூச்சைச் சுரண்டுதல், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்தல் ஆகியவற்றைத் தவிர்ப்பாராக. எங்கள் ஒமேகாவின் முட்களிலும் அப்பூச்சு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஆசிரியச் சம்பளத்தில் றோலெக்ஸ்களைச் சேகரித்தல் இயலாத காரியம். ஆதலால் நான் வேறொரு வகைச் சேகரிப்பைத் தொடங்கினேன். பயிற்சிக் கொப்பியொன்றை வாங்கி, கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் பழைய மணிக்கூடு உள்ள வீடுகளுக்குச் சென்று, அவற்றின் கதையை எழுதிவருகிறேன். யார் கட்டியது, எந்நாளில் கிடைத்தது, முகப்பிலுள்ள ஒவ்வொரு மாற்றமும் எதனால் வந்தது என்பவற்றைக் குறிக்கிறேன். இதுவரை பதினொரு மணிக்கூடுகள் அதில் இடம்பெற்றுள்ளன.

கட்டுகஸ்தோட்டையில் வைத்தியர் ஒருவரின் மனைவியார், கணவரின் ஒமேகா கொன்ஸ்டலேஷனைப் பட்டுத்துணியிற் சுற்றி வைத்திருக்கிறார். வெண்முகம் தந்த நிறமாயிருக்கிறது. வியாபாரிகள் இருவர் நல்ல விலை பேசியும் அவர் கொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற தேயிலை ஆலை உத்தியோகத்தர் ஒருவரின் மணிக்கூட்டு முகப்பு, கண்ணாடி விளிம்பில் ஒரு புறம் மாத்திரம் கருகியிருக்கிறது. உலர்த்தும் இயந்திரத்தின் பக்கமாகவே முப்பதாண்டு நின்ற கை அது. கம்பளையிலே நான் கண்டதொன்று என்னைப் பெரிதும் உருக்கியது. உரியவர் இறந்த பின் எவரும் சாவி கொடாது அலமாரியில் நின்றுபோன மணிக்கூடு அது. முட்களில் இருந்த றேடியம், தான் நின்ற இடத்திலே முகப்பை மெல்ல எரித்து, முள்ளின் வடிவிலேயே பழுப்பு நிழலொன்றை விட்டிருந்தது. பேரன் இப்போது அதனை ஓடச் செய்திருக்கிறான். முட்கள் நகர்ந்து செல்கின்றன; நிழல் மாத்திரம் எட்டேகாலில் நின்றுகொண்டிருக்கிறது. அவ்வீட்டார் அந்த நிழலை அழிக்க விரும்பவில்லை.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீடுகளிலே தந்தையாரின், பாட்டனாரின் மணிக்கூடு இருக்குமானால், உட்பொறியைத் தக்கவரிடம் கொடுத்துத் துலக்குங்கள். முகத்தைத் தொடாதிருக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, அதன் கதையை அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் கேளாதிருந்தேன். "அப்பா, இந்தக் கறை எப்படி வந்தது?" என்னும் ஒரு வினாவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

கல்லூரிக்கும் இது பொருந்தும். ஜூபிலியை முன்னிட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசுவோம். ஒழுகும் கூரையைத் திருத்துவோம். அவை உட்பொறியைத் துலக்குதல் போன்றவை. ஆனால் பழைய சேர்விடாப்புகளும், சம்பவத் திரட்டுப் புத்தகங்களும், மூலை மடிந்த வகுப்புப் புகைப்படங்களும் கல்லூரியின் முகம். அவற்றிலே மாணவர் திடீரெனக் குறைந்த ஆண்டுகள் உண்டு. பெயர்கள் வெட்டப்பட்ட பக்கங்கள் உண்டு. ஆசிரியர்களின் சினமும் வறுமையும் தெரியும் வரிகள் உண்டு. அழகாகத் திருத்தி எழுதப்பட்ட வரலாறு விழா மேடைக்கு நன்று. கறையோடு கூடிய பக்கமோ நம் பின்வருவோருக்கு மெய்யைச் சொல்லும். நினைவுக் கட்டுரைகள் எழுதும் அன்பர்களும் இதனை மனங்கொள்வார்களாக. நம் காலத்தில் எல்லாம் பொன்னாயிருந்தது என்று எழுதுவதும் ஒருவகை மறுபூச்சே.

என் மணிக்கூடு இன்றும் என் கையிலேதான் ஓடுகிறது. மறுபூச்சை நீக்கிப் பழைய முகத்தை மீட்கலாமோ என மாணவரைக் கேட்டேன். அடியில் ஒன்றுமில்லை, சேர், வெறுந் தகடுதான் என்றார். அண்மையில், ஆறாம் எண்ணின் அருகே, புதுக் கறுப்பிலும் கடுகளவான பழுப்புப் புள்ளியொன்று தோன்றியிருப்பதைக் கண்டேன். என் மகள் அதனைக் கண்டு, "அப்பா, இதைத் துடைச்சு எடுக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு அவ்விரவின் கதை முழுவதையும் சொன்னேன்.

என் கொப்பியின் முதற் பக்கத்தை நெடுநாள் வெறுமையாக விட்டிருந்தேன். அன்று இரவு அதிலே எழுதினேன்: "ஒமேகா. 1975இல் பெரிய துரை கொடுத்தது. 1983இல் முள்முருங்கை அடியிற் புதைந்திருந்தது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறை. அதே ஆண்டில் தலதா வீதியருகே உட்பொறி துலக்கப்பட்டது, முகப்புத் தொடப்படவில்லை. 2007இல் மகன் அறியாமையால் முகப்பை மாற்றினான். கறை இப்போது இல்லை."